வீட்டுக்குள் நுழைந்த குலக்கல்வி

ப்ளஸ் டூ பரீட்சையின் முடிவு வெளியான நாள் முதல் கல்லூரிக் கதவு திறக்கும் நாள் வரையில் கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் ஜில்லாக்களில் வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. பிள்ளை என்ன படிப்பது என்பதே அந்தப் பஞ்சாயத்தின் வழக்கு. அதில் தகப்பனார் பேசுகிறார், தாய்மாமன் பேசுகிறார், பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் போனில் பேசுகிறான், பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டு வாத்தியார் பேசுகிறார், ஜோசியர் பேசுகிறார், கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் தரகர் எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசுகிறார். பேசாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் படிக்கப் போகிறவர்!

அவரிடம் கடைசியாக ஒரு வார்த்தை கேட்பதும் உண்டு. எப்படியென்றால், “உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம், என்ன சாமி?” என்று கேட்பார்கள். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு “சரிங்கப்பா” என்று சொல்லிவிடும். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு மரியாதை அதிகம் என்று ஊரெல்லாம் பெயர். வாஸ்தவம்தான். ஆனால் அந்த “சரிங்கப்பா”வில் அப்பாவுக்கு மரியாதை இருக்கிறதே தவிர, சொன்ன பிள்ளைக்குச் சுயமரியாதை இருக்கிறதா என்பதுதான் நமது கேள்வி.

1953-ஆம் வருஷத்தில் இராஜாஜி அவர்கள் சென்னை இராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடத்தில் படித்தால் போதும், மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்று ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து நாடெங்கும் எதிர்த்தோம். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், நெசவாளி மகன் தறிக்குழியில் இறங்கவும், வக்கீல் மகன் வக்கீலாகவும் ஆவதற்குச் சர்க்கார் செலவில் ஒரு பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டோம். 1954-ல் அவர் பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போயிற்று. பிறந்த வீட்டைக் கொண்டு ஒருவன் செய்யவேண்டிய வேலையை நிர்ணயிக்கக் கூடாது என்பதுதான் அன்று நாம் வெற்றிபெற்ற கொள்கை.

அந்தக் கொள்கைக்கு இன்று நமது வீடுகளில் என்ன கதி? தெருவில் நின்று குலக்கல்வியை விரட்டியவர்களின் பேரன்மார் வீட்டுக்குள்ளே அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அன்று தகப்பன் செய்த தொழிலைப் பிள்ளை தலையில் கட்டினார்கள். இன்று தகப்பன் செய்ய ஆசைப்பட்டு முடியாமற்போன தொழிலைக் கட்டுகிறார்கள். “அது கீழே அமுக்குவது, இது மேலே தூக்குவதாயிற்றே, இரண்டும் ஒன்றாகுமா?” என்று சிலர் கேட்கலாம். தூக்குவது நல்ல காரியந்தான். ஆனால் தூக்கப்படுகிறவன் மனிதனா, மூட்டையா என்று பார்க்க வேண்டாமா? இரண்டிலும் பிள்ளையின் அறிவுக்கும் விருப்பத்துக்கும் இடமில்லை. இரண்டிலும் தீர்ப்பு சொல்வது பிறப்புதான்.

சரி, எந்தக் காரணத்தைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்றாவது பார்ப்போம். மாமன் மகன் கம்ப்யூட்டர் படித்து லட்சத்தில் சம்பளம் வாங்குகிறானாம். அது ஒரு காரணம். பங்காளி வீட்டில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், நம் வீட்டில் இல்லையாம். அது இன்னொரு காரணம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போடாவிட்டால் நல்ல இடத்துச் சம்பந்தம் வராதாம். அது எல்லாவற்றிலும் பெரிய காரணம். இவற்றில் ஒன்றிலாவது பிள்ளைக்கு எது பிடிக்கும், எதில் புத்தி ஓடும் என்ற பேச்சு இருக்கிறதா? மாட்டுச் சந்தையில்கூட வண்டிக்கு ஏற்ற மாடா, ஏருக்கு ஏற்ற மாடா என்று நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பெற்ற பிள்ளைக்கு அந்த யோசனைகூட வேண்டாமா?

சம்பளக் கணக்கையாவது சரியாகப் போடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் கோயமுத்தூரின் பெருமையாக இருந்த காலத்தில் மெக்கானிக்கல்தான் படிப்பு என்று சொன்னார்கள். பிறகு எலக்ட்ரானிக்ஸ் என்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் என்கிறார்கள். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. பின்னால் சேர ஆளில்லாமல் இடங்கள் காலியாகக் கிடந்து பல கல்லூரிகள் மூடிக்கொண்டன. கட்டடம் கட்டிய முதலாளிகளுக்கே நான்கு வருஷத்துக்குப் பின் நடப்பது தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் மாமாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

மாமாவுக்குத் தெரியாததை ஜோசியர் சொல்வார் என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற அறியாமையை என்னவென்பது! செவ்வாய் வலுத்தால் இஞ்சினீரிங்காம்; புதன் வலுத்தால் கணக்காம். 1781-ல் யுரேனசையும் 1846-ல் நெப்டியூனையும் வானசாஸ்திரிகள் கண்டுபிடித்தார்கள். நமது ஜோசியர்களின் ஒன்பது கிரகங்களில் இந்த இரண்டும் கிடையாது. கிரகமே அல்லாத ராகுவும் கேதுவும் உண்டு. வானத்தில் இருக்கிற கிரகத்தையே கண்டுபிடிக்கத் தெரியாத சாஸ்திரம், பையன் மண்டைக்குள் இருக்கிற புத்தியைக் கண்டுபிடித்துவிடுமா?

இன்னும் சிலர் குலதெய்வத்தின் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் டாக்டர், சிவப்பு வந்தால் இஞ்சினீர். தமிழ், சரித்திரம், பொருளாதாரம், விவசாயம், சட்டம் ஆகியவற்றுக்குப் பொட்டலமே கிடையாது. கடவுளுக்குக்கூட இவர்கள் இரண்டு படிப்பைத் தவிர வேறு படிப்பு இருப்பதைச் சொல்வதில்லை என்றால், பிள்ளைக்கு எங்கே சொல்லப் போகிறார்கள்?

நிற்க, இந்தப் பஞ்சாயத்தில் பிள்ளை ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். திறக்காதபடி பழக்கியிருக்கிறோம் என்பதே பதில். நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் பேர்போனவை. அந்த வட்டாரத்திலேயே பிள்ளைகளை விடுதியில் அடைத்து, விடியுமுன் எழுப்பி, நள்ளிரவு வரை மனப்பாடம் செய்யவைத்து, மார்க்கை மட்டும் கொழுக்கவைக்கும் பள்ளிக்கூடங்களும் பெருகின. பிராய்லர் பள்ளி என்று ஜனங்களே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று தட்டி வைக்கும் கூத்தை நிறுத்துவதற்காகவே 2017-ல் சர்க்கார் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை ஒழித்தது. பரீட்சை முடிவு நாளில் மாணவர்களுக்கு ஆறுதல் சொல்ல 104 என்ற டெலிபோனையும் வைத்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும்தான் உதவி டெலிபோன் வைப்பார்கள். பிள்ளைகளின் பரீட்சையும் அந்த ஜாபிதாவில் சேர்ந்துவிட்டதென்றால் நமக்கு வெட்கமாக இல்லையா?

இவ்வாறு வளர்க்கப்பட்ட பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? “எனக்கு எது வரும் என்றே தெரியவில்லை; எதுவும் வராது போலிருக்கிறது” என்றுதான் நினைக்கும். பெற்றோர் உடனே, “பார்த்தீர்களா, அவனுக்கே தெரியவில்லை, அதனால்தான் நாங்கள் தீர்மானிக்கிறோம்” என்கிறார்கள். காலைக் கட்டிப் போட்டுவிட்டு, நடக்கத் தெரியாதவன் என்று சொல்லும் நியாயம் இது.

சந்தேகத்தில் இரண்டு வகை உண்டு என்பதை வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். “இது சரியா, தவறா, விசாரித்துப் பார்ப்போம்” என்பது ஒரு சந்தேகம். அது பகுத்தறிவின் தாய். அதில்லாதவன் மனிதனே அல்ல. “நான் எதற்கும் லாயக்கில்லை” என்பது மற்றொரு சந்தேகம். அது நாமாகச் சம்பாதித்ததல்ல. உனக்குப் படிப்பு வராது, உன் அப்பனுக்கும் வரவில்லை, உன் ஜாதிக்கே வராது என்று ஆயிரக்கணக்கான வருஷமாகச் சொல்லிச் சொல்லி நமது ரத்தத்தில் ஏற்றிய விஷம் அது. ஆட்டுக்குப் பின்னாலும் மாட்டுக்குப் பின்னாலும் போன குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். அதைப் போக்கவேண்டிய தகப்பனாரே, “உனக்கென்னடா தெரியும்?” என்று கேட்டால், மனுதர்மக்காரனுக்கு இனி இங்கே வேலையே இல்லை, நாமே அவன் வேலையைச் சம்பளமில்லாமல் செய்து முடித்துவிடுகிறோம்.

படிப்பில் தவறியவன் புத்தியில் குறைந்தவன் என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு நம் ஈரோட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. கணித மேதை இராமானுஜம் 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்து, கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனியாமல் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டைவிட்டே ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அதே மனிதரை 1918-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அங்கத்தினராக்கிக்கொண்டது. நாமக்கல் நாமகிரித் தாயார்தான் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தத் தாயார் உடற்கூற்றுப் பாடத்திலும் நாலு வரி சொல்லிக்கொடுத்து எஃப்.ஏ.வைத் தாண்டவிட்டிருக்கக் கூடாதா? இராமானுஜத்தைக் கெடுக்கப் பார்த்தது அவருடைய புத்தி அல்ல. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துவைத்துக்கொண்டு, பொருந்தாதவனை வெளியே தள்ளிய ஏற்பாடுதான்.

கோயமுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இயந்திரத்தைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாத குணம் அவருக்கு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1945-ல் சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் பிரின்ஸ்பாலாக இருந்தவர் அவரே. இத்தனை வருஷப் படிப்பு எதற்கு, இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாமே என்று வாதாடினார்; சர்க்கார் சம்மதிக்கவில்லை; விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரி இன்று தடாகம் ரோட்டில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. பழைய பெயர் அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்ற பஸ் நிறுத்தமாக நிற்கிறது. அந்தக் கல்லூரிக்குப் பிரின்ஸ்பாலாக இருக்க யோக்கியதை உள்ளவருக்கு, அதில் மாணவனாகச் சேர யோக்கியதை இல்லை!

இதைச் சொல்வதால், படிப்பே வேண்டாம், எல்லோரும் நாயுடு ஆகிவிடலாம் என்று யாரும் அர்த்தம் பண்ணிவிடக் கூடாது. “நாயுடு படித்தாரா?” என்று கேட்டு மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறி ஓட்ட அனுப்புகிற பேர்வழிகளும் உண்டு. ஒருவர் தப்பிப் பிழைத்தார் என்பதற்காக எல்லோரையும் ஆற்றில் தள்ள முடியுமா? நாம் சொல்வது இதுதான்: மனிதனுக்கு எதில் நாட்டமோ அதில்தான் அவன் உழைப்பு அலுக்காது, உழைப்பு அலுக்காத இடத்தில்தான் அறிவு வளரும். ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் தம் மகனைப் பள்ளியை நிறுத்தி மண்டியில் உட்காரவைத்தார். அந்த மகன் தராசைப் பிடித்துக்கொண்டு மண்டியோடேயே கிடந்திருந்தால், 1925-ல் “குடிஅரசு” ஏது, நமது இயக்கந்தான் ஏது? ஈரோட்டில் ஒரு மஞ்சள் மூட்டை கூடுதலாக விற்றிருக்கும், அவ்வளவுதான்.

இனி பெற்றோர் சொல்லும் பெரிய நியாயத்துக்கு வருவோம். “தறியை அடகு வைத்தேன், எருமையை விற்றேன், தோட்டத்தின் மேல் கடன் வாங்கினேன், பணம் கட்டுகிற எனக்குச் சொல்ல உரிமை கிடையாதா?” என்கிறார்கள். அவர்களுடைய கஷ்டத்தை நாம் கேலி செய்யவில்லை. பட்டினி கிடந்தவனுக்குத்தான் தன் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கடன் கொடுத்தவன் ஆளையே பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கொத்தடிமை என்று சொல்லி 1976-ல் சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. பண்ணையார் செய்தால் குற்றமாகிற காரியம், பெற்ற தகப்பன் செய்தால் பாசமாகிவிடுமா?

வீட்டில் இவ்வளவுதான் முடியும் என்றால் வரவு செலவுக் கணக்கைப் பிள்ளையின் முன்னே விரித்துக் காட்டுங்கள். “இத்தனை ரூபாய்க்குமேல் கட்ட முடியாது, இதற்குள் நீயே யோசித்துச் சொல்” என்று சொல்லுங்கள். அது அதிகாரமாகாது, அது யோக்கியமான பேச்சு. கணக்கை மறைத்துவைத்துக்கொண்டு, நன்கொடைக்கும் தரகனுக்கும் லட்ச லட்சமாகக் கொட்டிவிட்டு, பிறகு அதை ஆயுள் முழுவதும் பிள்ளைக்குச் சொல்லிக்காட்டுவதுதான் அயோக்கியத்தனம். குறைந்த செலவில் படிக்க 1852-ல் பள்ளிக்கூடமாகத் தோன்றி வளர்ந்த கோவை அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. வயலை நம்பிய குடும்பத்துப் பிள்ளை மண்ணைப் பற்றிப் படிக்க 1906 முதல் கோயமுத்தூரிலேயே விவசாயக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022-லும் ஆண்களுக்கு 2024-லும் மாதம் ரூ. 1,000 கொடுக்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. இவற்றை விசாரிக்கச் செலவிடாத நேரத்தை, ஜோசியர் வீட்டுத் திண்ணையில் செலவிடுவது என்ன புத்திசாலித்தனம்?

பெண்களின் சங்கதி இன்னும் மோசம். பையனுக்காவது என்ன படிப்பு என்று ஒரு பஞ்சாயத்து நடக்கிறது. பெண்ணுக்கு, எந்தக் கல்லூரி வீட்டுக்குப் பக்கம், எந்தக் கல்லூரி பஸ் வாசலுக்கே வரும், எந்தப் படிப்பு முடித்தால் மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்கள் என்பதே பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களைப் பஞ்சாலை விடுதிகளில் மூன்று வருஷம் அடைத்துவைத்ததும் இந்தக் கொங்கு நாட்டில்தான். அந்தப் பெண்களுக்கு என்ன படிப்பது என்ற கேள்வி கேட்கும் பாக்கியங்கூட வாய்க்கவில்லை.

வசதியுள்ள வீட்டிலோ, “தூரமாயிருக்கிறது” என்று பெண்ணின் விருப்பத்தைத் தள்ளுகிறார்கள். தூரம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது ஜாதி. வேறு ஜாதிப் பையனோடு பேசிவிடுவாளோ என்கிற பயந்தான் பல பெண்களின் கல்லூரியைத் தீர்மானிக்கிறது. அந்தப் பயம் எதுவரை போகும் என்பதை இந்த நாடு பார்த்தாயிற்று. 2015-ல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட கோகுல்ராஜும், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கரும் பொறியியல் படித்த வாலிபர்கள். பிள்ளைகளுக்குப் பட்டம் வேண்டும், ஆனால் பட்டத்தோடு சொந்த புத்தி வந்துவிடக் கூடாது என்று நினைக்கிற சமூகம் கல்லூரி கட்டி என்ன பயன்?

வாலிபர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா சொன்னதால் ஒன்றை எடுப்பது அடிமைத்தனம் என்றால், சிநேகிதன் சேர்ந்தான் என்று ஒன்றை எடுப்பதும், சினிமாவில் பார்த்ததென்று ஒன்றை எடுப்பதும் அடிமைத்தனமே. உங்களுக்குப் பிடித்த படிப்பு இன்னதென்று வானத்திலிருந்து அசரீரி வராது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷப் பாடப் புத்தகத்தை இரவல் வாங்கி ஒரு மாதம் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் நேரம் போனது தெரியவில்லையோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படிப்பில் இரண்டாம் வருஷம் இருப்பவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். அந்தப் படிப்பு முடித்தவர் காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். கவுன்சலிங்கில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்தும்போது பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிடாமல் உங்கள் கையால் நிரப்புங்கள். வீட்டில் பேசும்போது அழுதுகொண்டு பேசாமல், விசாரித்த விவரத்தையும் செலவுக் கணக்கையும் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். தகப்பனார் நியாயமான ஆட்சேபணை சொன்னால் ஒப்புக்கொள்ளவும் தயாராயிருங்கள்.

தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால் வாழ்வே போயிற்று என்றும் கலங்க வேண்டாம். நமது இயக்கத்தில் கல்யாணமே ஓர் ஒப்பந்தந்தான், ஒத்துவராவிட்டால் முறித்துக்கொள்ளலாம். படிப்பு மட்டும் பிரம்மா போட்ட முடிச்சா? ஒரு வருஷம் வீணானால் ஒரு வருஷந்தான் வீண். உயிரைவிடப் பெரிய மார்க்கும் இல்லை, மானத்தைவிடப் பெரிய பட்டமும் இல்லை.

பதினெட்டு வயது நிறைந்தவர் ஓட்டுப் போடலாம் என்று 1989 முதல் சட்டம் இருக்கிறது. இந்த நாட்டை யார் ஆள்வது என்று தீர்மானிக்க அந்த வயதுக்குப் புத்தி உண்டு என்று ஒப்புக்கொண்டாயிற்று. தான் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று தீர்மானிக்க மட்டும் புத்தி இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆகவே பெற்றோர்களே! குலக்கல்வியைச் சர்க்காரிடமிருந்து விரட்ட ஊர் ஊராகக் கூட்டமும் கிளர்ச்சியும் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலிருந்து விரட்ட அவ்வளவு பிரயாசை தேவையில்லை. ஜோசியரையும் தரகரையும் மாமாவையும் வெளியே அனுப்பிவிட்டு, “நீ என்ன சொல்லுகிறாய் கண்ணு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிறவரையில் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுவரையில் நீங்கள் கட்டிய பீஸ் எல்லாவற்றையும்விட அந்தச் சில நிமிஷ மௌனம் பிள்ளைக்குப் பெரிய உதவி.